வெளிச்சம் கூடிய வீடு

வீட்டில் வெளிச்சம் மங்கினால் உடனே உங்களைக் கூப்பிடுவார்கள். “கரண்ட் பத்தல, கம்ப்யூட்டர் அணைஞ்சு அணைஞ்சு வருது, வந்து பாருங்க” என்பார்கள். வெளிச்சம் கூடினால் ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். இன்றைக்கு நல்ல கரண்ட் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு இருப்பார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, நான் உங்களுக்குச் சொல்லித்தரக்கூடிய தொழில் விஷயம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் பெட்டியோடு வருகிற புத்தகத்தில் இருக்கிறது. அதை நீங்கள் என்னைவிட நன்றாக வாசிப்பீர்கள்.

வீட்டுக் கணினியை வோல்டேஜ் ஏற்ற இறக்கத்திலிருந்து காப்பது எப்படி என்று உங்களைப் பழக்குகிறவர்கள் அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். எந்த ஸ்டெபிலைசர் நல்லது, எந்த யூ.பி.எஸ். உழைக்கும் என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பார்கள். நான் காப்பாற்றிய கணினிகள் எத்தனையோ. அவற்றில் ஒன்றுகூட இப்போது ஞாபகத்துக்கு வருவதில்லை. காப்பாற்றாமல் விட்ட ஒன்றுதான் வருகிறது. அதைத்தான் எழுதப்போகிறேன், பிடிக்காவிட்டால் கிழித்துப் போடுங்கள்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. அது தெரியாவிட்டால் பின்னால் நான் செய்தது உங்களுக்கு விளங்காது.

நான் பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. கண்டி டவுனில் ஒரு முஸ்லிம் முதலாளியின் ரேடியோ கடையில் தொழில் பழகினேன். எண்பத்து மூன்றில் தமிழர் கடைகளை எரித்த கலவரம் வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. வந்தவர்கள் கையில் தாளோடுதான் வந்தார்கள். எது தமிழன் கடை, எந்த மாடியில் எந்தத் தமிழன் குடியிருக்கிறான் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருந்தது. முதலாளி வாசலில் நின்று, இவன் என் சாச்சாவின், அதாவது சித்தப்பாவின், மகன் என்று சிங்களத்தில் சொல்லி, என்னைப் பின்னால் தள்ளிக் கதவைச் சாத்தினார். பக்கத்துக் கடை எரிகிற சூடு சுவர் வழியாக வந்தது. முதலாளி வீட்டுக்கு வாங்கிப் போட்டிருந்த அரிசி மூட்டைக்குப் பின்னால் நான் குந்தியிருந்தேன். அன்றிலிருந்து யாராவது புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு என் பெயரைக் கேட்டால் என் கண் வாசலைத் தேடும். பாங்கில் கேட்டாலும் தேடும், ஆஸ்பத்திரியில் கேட்டாலும் தேடும்.

அந்த முதலாளி அடிக்கடி ஒன்று சொல்வார். “கொறயிற கரண்ட்டு கள்ளன் மகன். எதையாச்சும் உட்டுட்டுப் போவான். கூடுற கரண்ட்டு கொலகாரன்.” நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். தலையாட்டுவதற்கு என்ன செலவு?

அவர் காலமான பிறகு நான் தனியாகக் கடை போட்டேன். கணினிகள் வீடுகளுக்குள் வந்துகொண்டிருந்த காலம். போரும் அதன் கடைசிக் கட்டத்துக்கு வந்துகொண்டிருந்தது. கண்டியில் குண்டுச் சத்தம் கேட்காது. ஆனால் பாலத்தடியில் இராணுவச் சோதனை, பஸ்ஸில் சோதனை, வாடகை வீட்டில் யார் யார் என்று பொலிசில் பதிவு. ஒருவர் காலையில் வேலைக்குப் போய் மாலையில் வராமல் விட்டால், அவர் பெயரைப் பக்கத்து வீட்டார் மெல்ல மெல்லச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

அப்படியொரு நாளில்தான் வத்தேகம றோட்டிலிருந்து ஒருவர் போன் செய்தார். ஓய்வுபெற்ற தபால் அதிபர், யாழ்ப்பாணத்தவர். வேலை நிமித்தம் வந்து, ஊருக்குத் திரும்ப வழியில்லாமல் இங்கேயே மனைவியோடு தங்கிவிட்டவர். வோல்டேஜ் இறங்கிக் கணினி அணைந்துபோகிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார்.

போனேன். சரிவில் ஒரு சின்ன வாடகை வீடு. எதிரே ஒரு சிங்களவரின் வெல்டிங் பட்டறை. கணினி முன்னறையில் ஒரு மேசையில், மேலே துணி போர்த்தி, சாமிப் படம் மாதிரி வைத்திருந்தார்கள். மீட்டரை எடுத்தேன். இருநூற்று முப்பது வோல்ட்டுக்குப் பதில் இருநூறு காட்டியது. சரிதான், ஒரு ஸ்டெபிலைசர் போட்டால் தீர்ந்தது என்று நினைத்தபோது எதிர்ப் பட்டறையில் வெல்டிங் தொடங்கியது. வழமையாக அப்போது பக்கத்து வீடுகளில் பல்ப் மங்க வேண்டும். இந்த வீட்டுப் பல்ப் பளீரென்று கூடியது. மீட்டர் இருநூற்று அறுபதைத் தாண்டியது.

என்ன நடக்கிறது என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. உங்களுக்கும் தெரிய வேண்டும், கேளுங்கள். எல்லா வீட்டுக் கரண்டும் திரும்பிப் போகிற பொதுக் கம்பி நியூட்ரல். அது கம்பத்தில் தளர்ந்துவிட்டால் ஒரு வீட்டில் குறைகிற வோல்டேஜ் இன்னொரு வீட்டில் போய்க் கூடும். முற்றாகக் கழன்றுவிட்டால் இருநூற்று முப்பது வர வேண்டிய இடத்தில் நானூறு வரைக்கும் வரும். அதற்கு வீட்டுக்குள் வைத்தியம் கிடையாது, கம்பத்தில்தான் வைத்தியம்.

“ஐயா, இது உங்க வீட்டுப் பிழை இல்லீங்க. கம்பத்துல வயர் லூசா இருக்கு. கரண்ட் கந்தோருக்கு ஒரு கொம்ப்ளெய்ன் குடுத்தா லைன்காரங்க வந்து இறுக்கிட்டுப் போயிருவாங்க” என்றேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தார்.

“கொம்ப்ளெயின் எண்டால் பேர் விலாசம் கேப்பினம், என்ன?”

“கேப்பாங்க.”

“பிறகு வீட்டுக்கும் வருவினம்.”

“மீட்டர் பெட்டியப் பாக்க வருவாங்க ஐயா.”

“அது வேண்டாம் தம்பி. வேறை வழி இருந்தால் சொல்லுங்கோ.”

நான் வற்புறுத்தவில்லை. அந்தப் பயம் எனக்குப் புதிதில்லை, என் பயம்தான் அது. கடையில் கிடந்த பழைய ஸ்டெபிலைசர் ஒன்றை அடுத்த நாளே கொண்டுபோய்த் தற்காலிகமாக வைத்தேன். வோல்டேஜ் எல்லை மீறினால் தானாக அணைந்துகொள்கிற வகை. பல்ப் கூடினால் உடனே பிளக்கைக் கழற்றிவிடுங்கள் என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது யோசித்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. எதிர்ப் பட்டறைக்காரருக்கும் அதே கம்பம்தான். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தன் பெயரில் கொம்ப்ளெய்ன் கொடுத்திருப்பார். அது என் மூளைக்கு எட்டவேயில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அந்தப் பட்டறைக்காரரும் பேயாகத்தான் தெரிந்திருக்கிறார்.

ஒரு கிழமைக்குள் மறுபடி போன் வந்தது. ஸ்டெபிலைசர் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அணைந்துபோகிறதாம், வேலை ஓடவில்லையாம். போய்ப் பார்த்தேன். ஸ்டெபிலைசரில் பிழை இல்லை. அது அணைய வேண்டிய நேரத்தில் அணைந்துகொண்டிருந்தது.

“இவ்வளவு அவசரமா என்னங்க ஐயா வேலை?” என்று கேட்டேன்.

அவர் எழுந்து போய் வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு முன்கதவைச் சாத்திவிட்டு வந்து கணினியில் ஒரு படத்தைத் திறந்தார். பிஸ்கட் பெட்டியிலிருந்து கிழித்த ஒரு அட்டைத் துண்டு, அதில் பென்சிலால் நாலு வரி. ‘அப்பா, நான் இருக்கிறன். கால் கொஞ்சம் நோகுது. அம்மாவை அழ வேண்டாம் எண்டு சொல்லுங்கோ.’ கீழே திகதி, ஒரு கையெழுத்து.

“மகன்ரை எழுத்து” என்றார். “வேலைக்குப் போன இடத்திலை பிடிச்சுக்கொண்டு போனவங்கள். எங்கை போய்க் கேட்டாலும் நாங்கள் பிடிக்கேல்லை, அப்பிடி ஒரு ஆளைக் காணவே இல்லை எண்டு சொல்லினம். பிடிபட்டு நாலு மாசத்துக்குப் பிறகு எழுதினது இது, திகதியைப் பாருங்கோ. மகனோடை இருந்து வெளியிலை வந்த ஒரு பிள்ளை கொண்டுவந்து தந்தது.”

“இதோட ஒரிஜினல் எங்கங்க?”

பதில் மனைவியிடமிருந்து வந்தது. “நான் எரிச்சுப்போட்டன்.”

பக்கத்து ஒழுங்கையில் வீடு வீடாகத் தேடுதல் நடந்த அன்று, இந்தத் துண்டு அகப்பட்டால் கொண்டுவந்து தந்த பிள்ளையையும் பிடிப்பார்கள், கணவரையும் பிடிப்பார்கள் என்று பயந்து அடுப்பில் போட்டுவிட்டார். தேடிக்கொண்டு வந்தவர்கள் கடைசியில் அந்த வீட்டுக்கு வரவேயில்லை. அதற்கு முதல் நாள் கணவர் அதை ஸ்கேன் செய்து வைத்திருந்ததுதான் மிச்சம். அந்தக் கணினியும் மகன் தன் சம்பளத்தில் வாங்கிப் போட்டதுதான்.

காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க ஒரு குழு கண்டிக்கு வர இருந்தது. அதன் முன்னால் வைக்க ஐயா முழு விபரத்தையும் இரண்டு விரலால் தட்டித் தட்டித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக்கொண்டிருந்தார். விசாரணைக்கு முதல் நாள் ஒரு சட்டத்தரணி தன் காரில் வந்து எல்லாவற்றையும் பிரதி எடுத்துப் போவதாக ஏற்பாடு. சட்டத்தரணியின் காரைப் பாலத்தடியில் கிண்டமாட்டார்கள். அதற்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

என் சட்டைப் பையில் ஒரு பென் டிரைவ் இருந்தது. அதை எடுத்து மேசையில் வைத்தேன்.

“ஐயா, இதுல ஒரு கொப்பி போட்டுத் தாரேன். ரெண்டு நிமிஷ வேலை. நான் கடையில வச்சிருக்கேன்.”

“வேண்டாம் தம்பி. பாலத்தடியிலை உங்களை மறிச்சு அதைப் போட்டுப் பாத்தால்? எங்கடை பிள்ளைக்காக உங்கடை பிள்ளையள் அநாதையாக வேண்டாம்.”

நான் பென் டிரைவை எடுத்துத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டேன். பிள்ளைகளே, இந்த இடத்தில் நான் பொய் சொல்லப்போவதில்லை. அவர் வேண்டாம் என்றது எனக்கு நிம்மதியாக இருந்தது. இன்னொரு தடவை கேட்டிருந்தால் ஒருவேளை சம்மதித்திருப்பார் என்று தெரிந்துதான் இன்னொரு தடவை கேட்கவில்லை. அந்த வீட்டிலேயே ஒரு கொப்பி போட்டு, அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்துவிட்டாவது வந்திருக்கலாம். அதுவும் தோன்றவில்லை. பயந்தவனுக்குத் தான் தப்பும் வழி மட்டும்தான் தெரியும்.

“இந்தப் பெட்டி அணையாமல் இருக்க ஒரு வழி செய்யுங்கோ. பன்னிரண்டு நாள் போதும்” என்றார் ஐயா.

எடுக்க வேண்டிய கொப்பியை எடுக்காமல் விட்டவன், கேட்டதையாவது செய்துகொடுப்போம் என்று நினைத்தேன். ஸ்டெபிலைசரின் மூடியைத் திறந்து, வோல்டேஜ் கூடும்போது அணைக்கிற ரிலேயை ஒரு விரல் நீள வயரால் சுற்றிக் கட்டினேன். இனி எவ்வளவு கூடினாலும் அது அணையாது. எச்சரித்துக்கொண்டிருந்த ஒரே காவலாளியின் வாயில் துணியை அடைத்துவிட்டு, “இப்ப சரிங்க ஐயா” என்றேன். அந்த அம்மா இஞ்சி போட்டுத் தேநீர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் ஐயா சாப்பிட எழுந்து போயிருக்கிறார். கணினி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. முன்னறை பல்ப் வெள்ளையாகப் பற்றி வெடித்ததாம். அவர் ஓடி வந்து பிளக்கை இழுப்பதற்குள் மேசைக்குக் கீழிருந்து புகை வந்துவிட்டது.

போன் வந்ததும் நான் அடுத்த பஸ்ஸிலேயே போனேன். நான் போய்ச் சேரும்போது கம்பத்தில் ஏணி சாத்தியிருந்தது. பட்டறைக்காரரின் மெஷினும் எரிந்துபோக, அவர் கந்தோருக்குப் போன் செய்து லைன்காரரை வரவழைத்திருந்தார். பதினைந்து நிமிட வேலை. ஒரு ஸ்பானர், ஒரு புதுக் கிளாம்ப். முடித்துவிட்டுக் கீழே இறங்கிய லைன்காரர் இந்த வீட்டு முற்றத்துக்கு வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். வயதானவர், சிங்களவர். அம்மா கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கணினியையும் வெடித்த பல்பையும் எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார். யாருடைய வீடு, யார் இருக்கிறீர்கள், எங்கிருந்து வந்தீர்கள் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. என்னிடம் மட்டும் சிங்களத்தில் ஒன்று கேட்டார்.

“இது கனநாளாகத் தளர்ந்திருக்கிறதே. ஏன் சொல்லவில்லை?”

நான் ஐயாவுக்கு அதை மொழிபெயர்க்கவில்லை. அவருக்குச் சிங்களம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினேன். அதே வகை டிஸ்க் ஒன்றை வாங்கி, அதன் போர்டை மாற்றிப் பார்த்தாயா என்று கேட்பீர்கள். மாற்றிப் பார்த்தேன். கொழும்புக்குக் கொண்டுபோய் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இரண்டு பேரிடமும் கொடுத்துப் பார்த்தேன். இதிலிருந்து ஒன்றும் எடுக்க முடியாது என்று இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அதைவிட எனக்கு ஆறாதது ஒன்று உண்டு. ஐயா வீட்டிலிருந்து அந்த டிஸ்க்கைக் கண்டிக்கு எடுத்து வரும்போது அதே பாலத்தடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். அங்கே நின்ற சிப்பாய் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, “கம்ப்யூட்டர் சாமானா?” என்று சிங்களத்தில் கேட்டுவிட்டுத் திரும்பப் பைக்குள் போட்டான். அவ்வளவுதான். பின்னால் நின்றவர்களுக்கு வழிவிடச் சொல்லிக் கையைக் காட்டினான்.

விசாரணைக்கு இரண்டு நாள் இருக்க ஐயா கடைக்கே வந்தார். உட்காரக் கதிரை போட்டேன். உட்காரவில்லை.

“தம்பி, சட்டத்தரணி சொல்றார், அந்தத் துண்டை எங்களைத் தவிர வேறை ஆரும் கண்டிருந்தால் வந்து சொல்லலாமாம். தாய் தேப்பன் சொன்னால் எடுபடாது. நீங்கள் கண்ணாலை கண்டனீங்கள். திகதியும் வாசிச்சனீங்கள். வந்து ஒரு வார்த்தை சொல்லுவீங்களோ?”

“வாரேங்க ஐயா” என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அன்றிரவு வீட்டில் மனைவியிடமும் சொன்னேன். அவள் எழுந்து போய்ப் பிள்ளைகள் படுத்திருந்த அறைக் கதவைச் சாத்தினாள்.

விசாரணை அன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். வாசலில் ஒரு மேசை. மேசையில் ஒரு பெரிய புத்தகம். உள்ளே போகிறவர்கள் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் எழுத வேண்டும். பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் ஏழு பேர், பிறகு நாலு பேர், பிறகு ஒரு கிழவி. கிழவிக்கு எழுதத் தெரியாது. மேசையில் இருந்தவர் சத்தமாகப் பெயரைக் கேட்டு எழுதினார். அந்தச் சத்தத்தில் எனக்கு அரிசி மூட்டை மணம் வந்தது. நான் வரிசையை விட்டு விலகி, மூத்திரம் பெய்யப் போகிறவன் மாதிரி மதிலோரமாக நடந்து, அப்படியே பஸ் நிலையம் வரைக்கும் போய்விட்டேன். போன் இரண்டு தடவை அடித்தது. ஐயாவின் நம்பர்தான். நான் எடுக்கவில்லை.

அந்தத் துண்டைக் கண்ணால் கண்ட வேறு யாரும் இல்லை என்று அங்கே எழுதிக்கொண்டார்களாம். மகன் வரவில்லை. இன்றைக்கு வரைக்கும் வரவில்லை.

இதிலிருந்து நீங்கள் என்ன படிக்க வேண்டும் என்று நான்தான் சொல்ல வேண்டும், அதற்குத்தான் எழுதச் சொன்னார்கள். வெளிச்சம் கூடினால் கம்பத்தைப் பாருங்கள். அணைகிற ரிலேயை ஒருநாளும் கட்டாதீர்கள். வாடிக்கையாளர் காலில் விழுந்தாலும் கட்டாதீர்கள். வேலையைத் தொடுவதற்கு முன்னால் கொப்பி எடுங்கள், வேண்டாம் என்றாலும் எடுங்கள். இவ்வளவையும் எழுதிவிட்டு என்னையே கேட்டுப் பார்க்கிறேன்: அதே பாலம், அதே பையோடு அந்த நாள் திரும்ப வந்தால் அந்தப் பென் டிரைவை நீ எடுத்துப் போவாயா? எடுத்துப் போவேன் என்று எழுதத்தான் ஆசை. மனம் ஓம் என்று சொல்லவில்லை. தெரியாமல் செய்த பிழையென்றால் சொல்லித் திருத்தலாம். நான் எல்லாம் தெரிந்துகொண்டுதான் செய்தேன். அதைத் திருத்த எனக்கு வழி தெரியவில்லை, உங்களுக்கு என்னத்தைச் சொல்லித்தர?

ஏழெட்டு மாதம் கழித்து அந்த அம்மா தனியாக வத்தேகம பஸ்ஸில் வந்து கடைக்குள் ஏறினார். கையில் ஒரு பை. உள்ளே கருகின ஸ்டெபிலைசர்.

“இது உங்கடை சாமான் தம்பி. வீட்டிலை கிடந்தது.”

“ஐயா எப்படி இருக்காங்க?”

“இருக்கிறார். கதைக்கிறது குறைவு.” பையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். “விசாரணை அண்டைக்கு உங்களை எதிர்பாத்துக்கொண்டு வாசலிலை கன நேரம் நிண்டவர். உங்களுக்கு வேலை வந்திருக்கும் எண்டு நான்தான் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தனான்.”

நான் ஸ்டெபிலைசரை எடுத்து மேசைக்குக் கீழே தள்ளினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி பேசினார்.

“அடுப்புக்குள்ளை போட்டது நான்தானே தம்பி. நீங்கள் என்ன செய்யிறது.”

ஏதாவது கேட்க வேண்டும் என்பதற்காக, தொழில்காரன் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். “இப்ப கரண்ட் எப்படிம்மா வருது?”

“இப்ப நல்ல கரண்ட் தம்பி” என்றார். “கூடுறதும் இல்லை, குறையிறதும் இல்லை. ஒரு லைட் மட்டும்தான் நாங்கள் போடுறது.”